ஆற்று மீனில் ஈயம், காட்மியம், பாதரசம்: பிடித்த மீனைச் சாப்பிடலாமா, திரும்ப விட்டுவிடலாமா?

#1 தூண்டில்காரன்

வணக்கம். பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு ஆற்றங்கரைதான். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். நான் உட்காருகிற இடத்துக்கு மேலே, ஆறு வளைந்து வருகிற பக்கம், முலாம் பூசும் பட்டறைகளும் பழைய பேட்டரி உடைக்கிற கூடங்களும் வந்து வெகுநாள் ஆகிறது. சில நாள் தண்ணீர் ஒரு மாதிரி நிறத்தில் வரும், அப்புறம் தெளிந்துவிடும். மீன் மட்டும் எப்போதும் போலத்தான். பளபளவென்று, கையில் நிற்காமல் துள்ளும்.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு துணுக்கு சுற்றியது. ஆற்று மீனில் அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு ஈயமாம், கூடவே காட்மியமாம். எந்த மீன், யார் அளந்தார்கள், எப்போது என்று ஒரு வரி கிடையாது. என் மனைவி அன்றைக்குப் பிடித்த மீனை அடுப்பில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். குடலை எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று ஒருவர் சொல்கிறார், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று இன்னொருவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா_ஒருவன்

எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை ஆற்று மீன்தான் தின்றார். விஷம் இருந்தால் முதலில் மீன் அல்லவா செத்து மிதக்கும்? துள்ளுகிற மீன் நல்ல மீன். இதற்குப் போய் ஓர் இழையா?

#3 நீரோட்டம்

சும்மா_ஒருவன், உங்கள் தாத்தா தின்றது வேறு ஆறு, பெயர் மட்டும்தான் ஒன்று.

மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோவதால், இல்லையென்றால் அம்மோனியா, பூச்சிமருந்து மாதிரி சட்டென்று கொல்லும் ஏதாவது ஒன்றால். பாதரசம் அப்படி வேலை செய்யாது. பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சதையில் ஏறிக்கொண்டிருக்கும், மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும்.

மினமாட்டா என்றால் எல்லாருக்கும், பாதரசம் ஏறிய மீனைத் தின்று மக்கள் நோயில் விழுந்தது 1956இல் தெரியவந்த அந்த ஜப்பானியக் கடற்கரை ஊர் ஞாபகம் வரும். அதே நாட்டில் இரண்டாவது மினமாட்டா ஒன்று உண்டு, அது ஆற்றில் நடந்தது. நீகாட்டா மாகாணம், அகானோ ஆறு, 1965. மேலே கனோசே என்ற இடத்தில் ஷோவா டென்கோ நிறுவனத்தின் ஆலை பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவு ஆற்றில் இறங்கியது. பல கிலோமீட்டர் கீழே ஆற்று மீனை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கை கால் மரத்தது, பார்வை சுருங்கியது, நடை தள்ளாடியது. நிறுவனம்தான் பொறுப்பு என்று 1971இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மக்களும் துள்ளுகிற மீனைத்தான் தின்றார்கள்.

காட்மியத்துக்கு, எலும்பை மெலியவைத்து வலியில் துடிக்கவைக்கிற இட்டாய் இட்டாய் நோய். அதுவும் ஜப்பான், அதுவும் ஆற்று மீன். இதற்கு மேல் என்ன வேண்டும்? தின்னாதீர்கள், அவ்வளவுதான்.

#4 ஆய்வகத்து_எலி

நான் இருபது வருடமாக உணவு, தண்ணீர், மண் என்று கரைத்து உலோகம் அளக்கிறவன். நீரோட்டம் சொன்ன அகானோ கதை முழுக்கச் சரி. இட்டாய் இட்டாயில் மட்டும் ஒரு திருத்தம். ஜின்சூ ஆற்றின் மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் வந்தது உண்மை, 1968இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டதும் உண்மை. ஆனால் மக்கள் உடம்புக்குள் அது போன முக்கிய வழி அந்த ஆற்று நீர் பாய்ந்த வயலின் அரிசி. மீன் அல்ல.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. "கன உலோகம்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மீன் உடம்புக்குள் போனதும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்குப் போகிறது.

பாதரசத்தை முதலில் எடுப்போம். ஆற்றில் விழுகிற பாதரசம் பெரும்பாலும் சேற்றில் போய் உட்காரும். ஆக்சிஜன் இல்லாத அந்தக் கரும்சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், முக்கியமாகச் சல்பேட்டைச் சுவாசிக்கிற வகை, அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. எந்த இரண்டு மரபணுக்கள் இந்த வேலையைச் செய்கின்றன என்பதே 2013இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மெத்தில் பாதரசம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், லேசில் வெளியேறாது. பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து வேட்டை மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வேட்டை மீனில் இருக்கலாம். அது இருக்கிற இடம் சதை, நாம் தின்கிற அதே சதை. குடலை எடுத்தாலும் போகாது, அலசினாலும் போகாது.

காட்மியத்தின் குணம் வேறு. அது சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் போய்த் தங்கும். அங்கே மெட்டல்லோதயோனின் என்ற ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சதைக்கு வருவது கொஞ்சம்தான். ஈயம் கால்சியத்தின் வழியிலேயே போகிற உலோகம், அதனால் எலும்பு, செதில், செவுள். சதையில் பொதுவாகக் குறைவு. இந்த இரண்டும் பாதரசம் மாதிரி உணவுச் சங்கிலியில் மேலே மேலே பெருகுவதும் இல்லை. பல ஆறுகளில் அடிமட்டத்தில் மேய்கிற உயிர்களில்தான் அதிகம், வேட்டை மீனில் குறைவு.

ஆக, ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் உங்கள் நண்பர் சொன்ன வைத்தியத்தில் பாதி உண்மை இருக்கிறது. குடல், கல்லீரல், தலை, செவுள், தோல் இவற்றை நீக்குவது நிஜமாகவே உதவும். பாதரசத்துக்கு அந்த வைத்தியம் பூஜ்யம். அந்தத் துணுக்கில் வந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க முடியுமா?

#5 தூண்டில்காரன்

மூன்று நாள் அலைந்து பிடித்தேன், ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணை. பாதிக்கு மேல் புரியவில்லை. கெளுத்தி, கெண்டை இரண்டுக்கும் கல்லீரல், செவுள், தசை என்று மூன்று பத்தி போட்டிருக்கிறார்கள். செய்தியில் வந்த எண் கல்லீரல் பத்தியில் இருக்கிறது. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் "உலர் எடை" என்று ஒரு வார்த்தை. இதற்கு ஏதாவது முக்கியத்துவம் உண்டா?

#6 ஆய்வகத்து_எலி

உண்டாவது! பாதி உலகம் தடுக்கி விழுகிற கல் அதுதான்.

மீன் தசையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அதைக் காயவைத்துப் பொடித்து அளந்தால் வருகிற எண் உலர் எடைக்கானது. சட்டம் போடுகிற வரம்போ ஈர எடைக்கு, அதாவது நீங்கள் கடையிலோ கரையிலோ தூக்கிப் பார்க்கிற அந்த எடைக்கு. உலர் எண்ணை நான்காலோ ஐந்தாலோ வகுத்தால்தான் ஈர எண் கிடைக்கும். ஒரு பேச்சுக்கு, உலர் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் ஈயம் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் மீனுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.3. பார்த்தவுடன் "நான்கு மடங்கு!" என்று தலைப்பு எழுதத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் 0.24க்கும் 0.3க்கும் நடுவில் வந்து நிற்கிறது. வரம்பை உரசிக்கொண்டு இருக்கிறது, நல்ல சேதி அல்ல, ஆனாலும் நான்கு மடங்கும் அல்ல.

கல்லீரல் எண்ணைத் தசைக்கான வரம்போடு ஒப்பிடுவது இன்னொரு தப்பு. ஐரோப்பிய விதியில் பெரும்பாலான மீன்களுக்குக் காட்மிய வரம்பு 0.05 மில்லிகிராம், அது தசைக்கு. கல்லீரல் அதைச் சுலபமாகத் தாண்டும், ஓரளவு சுத்தமான ஆற்றிலும்கூட.

என் சொந்த மானக்கேடு ஒன்றும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொகுதி மீனில் குரோமியமும் நிக்கலும் ஆகாயத்துக்கு ஏறி நின்றன. அறிக்கை தட்டச்சாகிக்கூட விட்டது. மூத்தவர் ஒருவர் வந்து, "தம்பி, எதில் அரைத்தாய்?" என்று கேட்டார். துருப்பிடிக்காத எஃகு அரவை. குரோமியமும் நிக்கலும் அதன் கத்தியிலிருந்து வந்தவை. அன்றிலிருந்து மீன் தசையில் குரோமியம் எக்கச்சக்கம் என்று யார் சொன்னாலும் முதலில் கத்தியைத்தான் விசாரிப்பேன்.

#7 நீரோட்டம்

எலி சார், மன்னிக்கணும். இப்படி வகுத்து வகுத்துக் கடைசியில் "ஒன்றுமில்லை" என்ற இடத்துக்குத்தான் எல்லாரும் வந்து சேர்கிறார்கள். நாளைக்கு ஆலைக்காரன் இதே பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஆறு சுத்தம் என்பான். எண் பெரிதாக இருந்தால்தான் ஆட்கள் திரும்பியே பார்க்கிறார்கள்.

#8 ஆய்வகத்து_எலி

கோபம் நியாயம். ஆனால் தப்பான எண்ணோடு போனால் எதிர்த்தரப்பு நிபுணர் ஐந்து நிமிடத்தில் அதைக் கிழித்துவிடுவார். அதோடு சேர்த்து உங்கள் சரியான எண்ணும் குப்பைக்குப் போகும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டுரை எழுதியவர்கள் தப்புச் செய்யவில்லை. ஆறு கெட்டிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், அதற்குக் கல்லீரல், செவுள், சேறு மூன்றும் அருமையான சாட்சிகள். தண்ணீரை மட்டும் அளந்தால் அன்றைக்கு ஆலை திறந்துவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து எண் குதிக்கும். கல்லீரல் பல மாதத்துக் கணக்கை எழுதி வைத்திருக்கும். அதே கல்லீரலைக் கொண்டுவந்து "தட்டில் இருக்கிற துண்டு விஷமா?" என்று கேட்டால் அது பதில் சொல்லாது. அதற்குத் தசையை அளக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை கிராம் தின்கிறோம் என்றும் தெரிய வேண்டும். ஆலையைக் கேள்வி கேட்கக் கல்லீரல் எண்ணோடு போங்கள், நானும் வருகிறேன்.

#9 நீரோட்டம்

சரி. அந்தக் கடைசி வரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

#10 ஓய்வாசிரியர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு சந்தேகம். பாதரசத்துக்குப் பயந்தால் பெரிய வேட்டை மீனை விட்டுச் சிறு மீன் தின்ன வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் பொடி மீனை யாரும் குடல் எடுத்துத் தின்பதில்லையே. தலை, முள், குடல் என்று முழுசாகத்தானே வாய்க்குள் போகிறது? எலி தம்பி சொன்ன கணக்குப்படி ஈயமும் காட்மியமும் அப்படியே சேர்ந்து வருமே?

#11 ஆய்வகத்து_எலி

ஐயா, நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. அறிவுரைத் தாள்கள் பலதும் இதைத் தாண்டிக் குதித்துவிடும்.

பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரை ஊர்களில் ஆய்வாளர்களும் மக்களும் சேர்ந்து ஓர் எளிய வாசகத்தைப் பரப்பினார்கள்: மற்ற மீனைத் தின்னாத மீனை அதிகம் தின்னுங்கள். அங்கே பிரச்சினை பாதரசம். மீனை விட்டால் மக்களுக்கு வேறு புரதம் பெரிதாகக் கிடையாது. மீனை நிறுத்தச் சொல்லாமல் மீனை மாற்றச் சொன்னார்கள். மிகச் சரியான யோசனை, அந்த ஆற்றுக்கு.

அதே வாசகத்தைப் பேட்டரிக் கூடத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் கொண்டுவந்து ஒட்டினால் சிக்கல். அங்கே ஈயம்தான் முதல் சந்தேகம், சேற்றை மேய்கிற பொடி மீனின் குடலில் சேறும் இருக்கும், எலும்பில் ஈயமும் இருக்கும். முழுசாகத் தின்றால் இரண்டும் உள்ளே. அங்கே நடுத்தர மீனின் சதைத்துண்டுதான் மேல். மேலே என்ன ஆலை இருக்கிறது என்று தெரியாமல் எந்த மீன் நல்லது என்று சொல்ல முடியாது. முலாம் பட்டறை என்றால் காட்மியம், குரோமியம், நிக்கல். பேட்டரி என்றால் ஈயம். நிலக்கரி எரிப்பது, தங்கத்தைப் பாதரசத்தில் பிடித்துப் பிரிப்பது, பழைய குளோரின்-காரச் சோடா ஆலை என்றால் பாதரசம். தோல் பதனிடும் இடம் என்றால் குரோமியம். அது சதையில் பெரிதாகச் சேராது, சேர்வதும் பெரும்பாலும் மூன்று இணைதிற வகை. புற்றுநோய்க்குப் பேர்போன ஆறு இணைதிறக் குரோமியம் குடிநீர்ப் பக்கத்துக் கவலை.

#12 புது_அப்பா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். முதல் மூன்று மாதமும் வாரம் இரண்டு தடவை ஆற்று மீன் சாப்பிட்டார், உடம்புக்கு நல்லது என்று நானேதான் வாங்கிக் கொடுத்தேன். இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

#13 வெள்ளைக்கோட்டு

தம்பி, முதலில் தூங்குங்கள். உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கு இது மாற்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பத்தில் கவலைப்பட வேண்டியவை மெத்தில் பாதரசமும் ஈயமும். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டும், தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிடச் சராசரியாக அதிகமாகவே இருக்கும். மினமாட்டாவில் தாய்க்கு லேசான அறிகுறி, குழந்தைக்குக் கடுமையான மூளைப் பாதிப்பு என்ற கொடுமை நடந்தது. அது உச்சபட்ச மாசு. சாதாரண அளவுகளில் என்ன ஆகும் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் பல வருடம் மல்லுக்கட்டின. ஃபாரோ தீவுகளில் திமிங்கல இறைச்சி தின்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் சோதனைகளில் சிறு பின்னடைவு தெரிந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் கடல் மீன் நிறையத் தின்ற தாய்மாரின் குழந்தைகளிடம் அப்படித் தெளிவாக எதுவும் தெரியவில்லை. மீனில் இருக்கிற கொழுப்பமிலங்கள் குழந்தையின் மூளைக்கு நல்லது செய்வதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால்தான் கர்ப்பிணிகளிடம் மீனை அடியோடு விடச் சொல்வதில்லை, மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2003இல் வைத்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். இது கருவில் இருக்கிற குழந்தையை மனதில் வைத்துப் போட்ட அளவு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால், இது பல நாடுகளின் விதியில் சாதாரண மீனுக்கு உள்ள உச்ச வரம்பு, 192 கிராமிலேயே அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்துவிடும். 0.1 மட்டும் இருந்தால் 960 கிராம் வரை போகும். வரம்புக்குள் இருக்கிற மீன் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று அர்த்தமில்லை, பார்த்தீர்களா?

ஆறுதலான பக்கமும் உண்டு. மெத்தில் பாதரசம் உடம்பில் ஏறக்குறைய 50 நாளில் பாதியாகும். இப்போது நிறுத்தினால் பிரசவத்துக்குள் நிறையவே இறங்கும். சந்தேகம் வலுத்தால் முடியை அளக்கலாம். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு வளரும், எந்த மாதம் எவ்வளவு ஏறியது என்பது அதில் வரிசையாக இருக்கும்.

ஈயம் அப்படிச் சுலபமாக விடாது. எலும்பில் பத்து, இருபது வருடம் உட்காரும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது கூடவே ரத்தத்துக்கு வரும். முன்பு ஈயத்துக்கும் வாராந்தர அளவு ஒன்று இருந்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது என்று 2010இல் அதே குழு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஈயத்துக்கு முடி வேண்டாம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவை குறைந்தால் குடல் ஈயத்தையும் காட்மியத்தையும் அதிகமாக உறிஞ்சும்.

#14 புது_அப்பா

நன்றி டாக்டர். என்ன ஆற்று மீன் என்று விசாரித்தேன். பெரும்பாலும் சின்னக் கெண்டைதானாம், அதுவும் தலையில்லாமல் துண்டு போட்டது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன்.

#15 சும்மா_ஒருவன்

சரி, நான் இறங்கி வருகிறேன். தாத்தாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நன்றாக வேகவைத்தால், புளிப்பில் ஊறவைத்தால், பொரித்தால், எதற்குமே போகாதா? நெருப்புக்கு முன்னால் எதுவும் நிற்காது என்பார்களே.

#16 ஆய்வகத்து_எலி

கிருமி நிற்காது. உலோகம் தனிமம், அதை எரித்து அழிக்க வழியில்லை. பாதரசம் சதைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது, சமையல் சூட்டில் அந்தப் பிணைப்பு விட்டுக்கொடுக்காது. சொல்லப்போனால் பொரிக்கும்போது தண்ணீர் வற்றுவதால் ஒரு கிராம் துண்டில் இருக்கிற பாதரசத்தின் அளவு ஏறும். மொத்தம் மாறாது, துண்டுதான் சுருங்குகிறது.

கொழுப்பை நீக்கினால் போய்விடும் என்றும் சிலர் சொல்வார்கள். அது டையாக்சின், பி.சி.பி. மாதிரிக் கொழுப்பில் தங்குகிற நஞ்சுகளுக்கான யோசனை, அங்கே உண்மையாகவே பலன் தரும். பாதரசம் கொழுப்பில் இல்லை.

உயிர் மீனை நல்ல தண்ணீரில் சில நாள் விட்டு வைப்பது? குடலில் இருக்கிற சேறு வெளியேறும், சேற்று வாடையும் போகும். சதையில் ஏறிய பாதரசம் இறங்க வருடக் கணக்காகும்.

#17 தூண்டில்காரன்

எல்லாருக்கும் நன்றி. மீனை நானே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எலி அண்ணே, எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு போகிறேன். இந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி தூண்டிலுக்கு ஈயக்குண்டு வேறு உருக்கி வார்க்க வேண்டும், கையிருப்பு தீர்ந்துவிட்டது.

#18 ஆய்வகத்து_எலி

ஒரு நிமிஷம். ஈயக்குண்டு எங்கே உருக்குகிறீர்கள்?

#19 தூண்டில்காரன்

வீட்டு அடுப்பில்தான், பழைய வாணலியில். பையன் அச்சைப் பிடித்துக்கொள்வான், அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய பேட்டரித் தகடு கிடைத்தால் அதையும் போடுவேன். சின்னக் குண்டுகளைக் கரையில் பல்லால் கடித்துத்தான் நூலில் இறுக்குவது. ஏன்?

#20 வெள்ளைக்கோட்டு

தம்பி, மீனை மறந்துவிடுங்கள். பையனுக்கு என்ன வயது?

#21 தூண்டில்காரன்

எட்டு.

#22 ஆய்வகத்து_எலி

அந்த வாணலியை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் ஆவி கொஞ்சம்தான், ஆபத்து மேலே மிதக்கிற சாம்பல் நிறக் கழிவில். அதைச் சுரண்டும்போது பறக்கிற ஆக்சைடு தூசி அடுப்பில், தரையில், துணியில், பையன் விரலில் படியும். அங்கிருந்து வாய்க்குப் போகும். பேட்டரித் தகடு அதைவிட மோசம், அதில் ஈயச் சேர்மங்களின் பசை ஒட்டியிருக்கும், ஆன்டிமனி, ஆர்சனிக்கும் கலந்திருக்கலாம். மீன் வழியாக வருடம் முழுக்க வருகிற ஈயத்தைவிட ஒரு சனிக்கிழமை ராத்திரி அதிகம் தந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பல்லால் கடிப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? பிரிட்டனில் 1987இலிருந்து பெரும்பாலான அளவுகளில் ஈயத் தூண்டில் குண்டுக்குத் தடை. அன்னப்பறவைகள் அதை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. டங்ஸ்டன், தகரம், எஃகுக் குண்டுகள் கிடைக்கின்றன. அடுப்பைச் சுற்றி ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி பறக்கும்.

#23 வெள்ளைக்கோட்டு

பையனுக்கும் உங்களுக்கும் ரத்த ஈய அளவு பார்த்துவிடுங்கள். இந்த வாரமே. பயமுறுத்தவில்லை, எண் தெரிந்தால்தான் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும்.

#24 தூண்டில்காரன்

கை நடுங்குகிறது. வாணலியை வெளியே கொண்டுபோய் மூடி வைத்துவிட்டேன். மனைவி எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக் காலை பையனை அழைத்துப் போகிறேன்.

#25 நீரோட்டம்

நண்பரே, இந்த இழையில் ஆலையைத் திட்டிக்கொண்டே நானும் என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரை கிலோ ஈயக்குண்டு இருக்கிறது. நானும் பல்லால்தான் கடிப்பேன்.

ஆறு எப்போதாவது சரியாகுமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். கனடாவில் இங்கிலீஷ்-வாபிகூன் ஆற்றில் 1962க்கும் 1970க்கும் இடையில் டிரைடன் என்ற ஊரின் ஆலை 9 டன்னுக்கு மேல் பாதரசத்தை இறக்கியது. கீழே கிராஸி நேரோஸ் பழங்குடி மக்களின் மீன்பிடித் தொழிலே 1970இல் மூடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் அங்கே மீனில் பாதரசம் அடங்கவில்லை, சேறு விடுகிறதில்லை.

எலி சார் திட்டுவதற்கு முன்னால் மறுபக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அதே கனடாவில் ஒரு சோதனை ஏரியில் அடையாளமிட்ட பாதரச ஐசோடோப்பை ஏழு வருடம் வேண்டுமென்றே சேர்த்து, அப்புறம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ப்பது நின்றதும் சிறு மீனில் அது வேகமாக இறங்கியது, பெரிய மீனில் மெதுவாக. குழாயை மூடினால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நேரான சான்று தெரியவில்லை. சேற்றில் ஏற்கெனவே கிடப்பதுதான் தீராத கடன்.

#26 ஆய்வகத்து_எலி

திட்டவில்லை, நன்றாகச் சொன்னீர்கள். தோண்டி எடுத்துவிடலாமே என்று உடனே யாராவது கேட்பார்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பைடோடு கட்டுண்டு கிடக்கிற காட்மியமும் ஈயமும் கிளறிவிட்டுக் காற்றுப் பட்டால் அவிழ்ந்து தண்ணீருக்கு வரும். அவசரப்பட்டு மண்வாரி இறக்குவது வியாதியைவிட மோசமான மருந்தாகிவிடும்.

தூண்டில்காரன், பையன் வேலை முடிந்த பிறகு மாதிரி எடுக்கலாம், மீன் எங்கும் போய்விடாது. ஒரு மீனை அனுப்பாதீர்கள், ஒரு மீன் ஆறு ஆகாது. ஒரே இனத்தில் குறைந்தது பத்து மீன், சிறிதும் பெரிதுமாக. ஒவ்வொன்றுக்கும் நீளமும் எடையும் குறிக்க வேண்டும், பாதரசம் வயதோடு ஏறும் என்பதால் நீளம் இல்லாத எண்ணை வைத்து ஒன்றும் பேச முடியாது. நல்ல தண்ணீரில் கழுவி, தோலை நீக்கி, முதுகுத் துடுப்புக்குக் கீழே உள்ள சதையைப் பிளாஸ்டிக் அல்லது செராமிக் கத்தியால் எடுங்கள். தனித்தனிப் பையில் போட்டு உடனே ஐஸில் வையுங்கள். கெளுத்தியின் கல்லீரலைத் தனியாக எடுத்து வையுங்கள், அது நீரோட்டத்துக்கு.

ஆய்வகத்தில் ஈர எடையில் முடிவு கேளுங்கள். பாதரசத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள், அது ஆவியாகிற உலோகம், திறந்த பாத்திரத்தில் சூடாக்கிக் கரைத்தால் பாதி பறந்துவிடும். டார்ம்-4 மாதிரிச் சான்றளிக்கப்பட்ட மீன் பொடியை உங்கள் மாதிரிகளோடு சேர்த்து ஓட்டினார்களா, அதற்கு என்ன எண் வந்தது என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

#27 தூண்டில்காரன்

பையனுக்கும் எனக்கும் ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை. அடுப்பு மேடை முழுக்க ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன். எஃகுக் குண்டு வாங்கிவிட்டேன், கனம் போதாமல் தூண்டில் இழுபடுகிறது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைக்கு ஆற்றுக்குப் போனேன். கெண்டை ஆறு, கெளுத்தி நான்கு, எல்லாம் தனித்தனிப் பையில் ஐஸ் பெட்டிக்குள். கெளுத்திக் கல்லீரல் நான்கும் இருக்கிறது. இரண்டு இனமும் கலந்துவிட்டது என்று திட்டாதீர்கள் அண்ணே, கெண்டை அதற்கு மேல் கடிக்கவில்லை. மிச்சத்தை அடுத்த வாரம் பிடிக்கிறேன். பெரிய விரால் ஒன்று மாட்டியது, விட்டுவிட்டேன். அளவுகோல் எடுத்துப் போக மறந்துவிட்டேன், அதனால் ஒவ்வொரு மீனின் நீளத்தையும் தூண்டில் கம்பில் ஆணியால் கீறி வந்திருக்கிறேன். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரைக்குமா, வால் நுனி வரைக்குமா? இரண்டையும் கீறி வைத்திருக்கிறேன்.

#28 ஆய்வகத்து_எலி

வால் நுனி வரை, அதுதான் முழு நீளம். எதை அளந்தீர்கள் என்பதையும் பையிலேயே எழுதிவிடுங்கள். அழியாத மைப் பேனாவில்.